வெளிச்சம் கூடிய படம்

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்."

"சிகரெட்டை விட்டுட்டதா சொன்னீங்க."

"அளவுக்குச் சொன்னேன். சிகரெட்டை விட்டவன் அந்தக் கணக்கையும் சேத்து விட்டுடணுமா?"

"எந்தக் கண்ணு?"

"இதுதான்." அவர் கையிலிருந்த துணியோடு இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "மேலேருந்து யாரோ ஷட்டரை இறக்கின மாதிரி. வலி கிலி ஒண்ணும் இல்ல. அப்படியே நின்னேன். அப்புறம் அதுவா மேல ஏறிடுச்சு. அந்த நேரத்துலயும் டம்ளரைத் துடைச்சிட்டுதான் இருந்தேன், தெரியுமா? ஒண்ணுகூட உடையல."

"இது இன்னைக்குக் காலையிலயா?"

"இன்னைக்கும்."

விஷ்ணியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கும்னா?"

"வியாழக்கிழமை ஒரு தடவை வந்துச்சு. உன்கிட்ட சொல்லலாம்னுதான் நெனச்சேன். நீ டியூட்டியில இருந்தே. ஏன்டா இப்படிப் பாக்குற? பன்றித் தொடையை வெட்டு. ஆளுங்க வர்ற நேரமாச்சு."

சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் அப்பாவும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். டான்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்த நவம்பர் மூடுபனி சின்ன ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. அலமாரியில் மிளகாய் ஊறுகாய்க் குடுவைகள். மூலையில் முட்டைக்கோஸ் பீப்பாய். அதன் மூடியின் மேல் போரிவொயே துடைத்து முடித்த டம்ளர்கள் வரிசையாக நின்றன.

போரிவொயேவுக்கு எழுபத்தொரு வயது. இந்த ஸ்தாரி ப்ரோது ஊரிலிருந்து பெல்கிரேடுக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பணி ஓய்வு பெறும்வரை ஓட்டியவர். அந்த இரண்டு கண்களை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

இன்று அவர்கள் குடும்பத்துப் புனிதரின் நாள். ஸ்லாவா. இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வாசல் திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். வீட்டுக்காரன் மட்டும் அன்று உட்காரக் கூடாது. மெழுகுவர்த்தி எரிகிற வரைக்கும் நின்றபடியே ஊற்றுவான், பரிமாறுவான், வந்தவர்களின் கதையைக் கேட்பான். போரிவொயே கல்யாணமான வருஷத்திலிருந்து இந்த நாளில் நின்றுகொண்டே இருக்கிறார்.

இந்த வருஷம் அதுவே சண்டையாகிப் போயிருந்தது. போன ஞாயிறு மகன் ஒக்னியென், "ஸ்லாவாவை இந்தத் தடவை என் வீட்டுல வெச்சுக்கலாமே, அம்மாவுக்கு முட்டி வலி" என்றான். அவன் பேசியது அம்மாவின் முட்டியைப் பற்றி. அப்பாவின் காதில் விழுந்தது, நீங்கள் கிழவராகிவிட்டீர்கள் என்று. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா ராதொய்க்காதான் இருவருக்கும் நடுவில் வாரம் முழுக்க நொண்டிக்கொண்டே சேதி சுமந்தாள்.

"அப்பா, ராத்திரி போடச் சொன்ன மாத்திரையைப் போடுறீங்களா?"

"எந்த மாத்திரை?"

"கொழுப்புக்கு."

"அதுவா? கால் வலிச்சுது, விட்டுட்டேன். கல்லுக்கு எதுக்குடா மாத்திரை? நீதானே சொன்னே, உள்ள இருக்கிறது கல்லுன்னு."

ஆமாம். அவள்தான் சொன்னாள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் சின்ன கிளினிக்கில் விஷ்ணியா டாக்டர். கழுத்து இரத்தக் குழாய்களை ஸ்கேன் செய்து பார்ப்பது அவள் வேலை. மார்ச் மாதத்தில் ஒருநாள், டியூட்டி முடிகிற நேரத்தில் அப்பா பின்வாசல் வழியாக வந்தார். பதிவு இல்லை, சீட்டு இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள், கையில் ஒரு பாட்டிலோ ஒரு தட்டுப் பலகாரமோ எடுத்துக்கொண்டு. அவருக்கு முன்னால் வந்தவர் ஒரு கசாப்புக் கடைக்காரர். கழுத்து அடிமரம் மாதிரி. போதாததற்கு ஜன்னல் திரை கிழிந்து, வசந்த கால வெயில் நேராக மிஷின் திரையில் அடித்தது. படம் தெரியவில்லை என்று வெளிச்சக் குமிழை அவள் உச்சத்துக்குத் திருப்பி வைத்திருந்தாள்.

அடுத்தவர் படுத்ததும் அதைக் குறைக்க வேண்டும். குழாயில் ஓடும் இரத்தம் மை போலக் கறுக்கிற வரை குறைக்க வேண்டும். குழாயின் வெளிச்சுவர் மட்டும் வெள்ளையாக நிற்க வேண்டும். அந்தக் கறுப்புக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் வைத்துத்தான் உள்ளே படிந்திருப்பதன் நிறத்தைப் பார்க்க முடியும். வெள்ளையாக இருந்தால் கெட்டிப்பட்டது, இருந்த இடத்தில் இருக்கும். கறுப்பாக இருந்தால் அது வேறு சங்கதி. மெல்லிய தோலுக்கு அடியில் கொழுப்பும் கசிந்த இரத்தமும் குழம்பாகக் கிடக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் தோல் கிழியும். கிழிந்தால் துகள்கள் இரத்தத்தோடு மேலே போகும், கண்ணுக்கு, மூளைக்கு.

குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை அவள் அன்று சரியாகத்தான் அளந்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேல். உடனே கத்தி வைக்கத் தேவையில்லாத அளவு. அடைத்திருப்பது எப்படிப்பட்டது என்று பார்க்கும்போதுதான் அப்பா, பஸ்ஸில் உயிருள்ள வாத்துக்கு டிக்கெட் கேட்டுச் சண்டை போட்ட பாட்டியம்மாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷ்ணியா சிரித்துக்கொண்டிருந்தாள். கை குமிழின் பக்கம் போகவே இல்லை.

"கல்லுப்பா. பழைய கல்லு. அது பாட்டுக்குக் கிடக்கும்."

இப்போது இந்தக் குளிர்ந்த அறையில், அன்றைய படம் அவள் கண் முன்னால் திரும்ப வந்து நின்றது. அதில் ஓடிய இரத்தம் கறுப்பாக இல்லை. புகை மாதிரி, சாம்பல் நிறத்தில் இருந்தது. இரத்தமே சாம்பலாகத் தெரிகிற படத்தில் எந்தக் கறுப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"அப்பா, கோட்டைப் போடுங்க. இப்பவே கிளம்பணும்."

"எங்க?"

"முதல்ல கிளினிக்குக்கு. அப்புறம் பெல்கிரேடுக்கு."

அவர் ஒரு டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "ஸ்லாவா அன்னைக்கு வீட்டுக்காரன் வீட்டை விட்டுப் போறதா? செத்தாலும் விருந்தாளி சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்னு காத்திருப்பான்டா. போய்ப் பொழப்பைப் பாரு."

"விளையாடாதீங்க. கண்ணு மறைஞ்சது சின்ன விஷயம் இல்ல."

"கல்லுன்னு சொன்னது நீ. ஊரெல்லாம் அதையே சொல்லி வெச்சிருக்கேன். என் மக பாத்துச் சொன்னா, என் கழுத்துல கல்லு, அது ஆடாது அசையாதுன்னு. இப்ப வந்து கிளம்புங்கிற."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வாசல் மணி அடித்தது. போரிவொயே சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருவிழா ஆக்கிக்கொண்டார். அவள் கைப்பையிலிருந்து ஒரு ஆஸ்பிரினை எடுத்து நீட்டினாள்.

"இதையாவது முழுங்குங்க."

"ராக்கியாவோட முழுங்கலாமா?"

"தண்ணியோட."

"பண்டிகை நாள்ல தண்ணியா?" என்று முணுமுணுத்துவிட்டு முழுங்கினார். மணி அடித்ததற்காக, போகிறவரின் முதுகைப் பார்த்தபடி அவள் நன்றி சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட மறு நொடி உடம்பு கூசியது.

வந்தது ஸ்ரெத்தென். அதே பஸ்ஸில் அப்பாவோடு கண்டக்டராக இருந்தவர், விஷ்ணியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். வாசலில் ராதொய்க்கா நீட்டிய தட்டிலிருந்து, சர்க்கரையும் வால்நட்டும் போட்டு வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி எடுத்துத் தின்றார். ராக்கியா சாராயத்தை வேண்டாமென்று கையால் தள்ளினார். வயிற்றுப் புண் வந்ததிலிருந்து அவர் குடிப்பதில்லை.

விஷ்ணியாவைப் பார்த்ததும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"டாக்டரம்மா, கையாலயே தொட்டுப் பாத்துச் சொல்லு. இந்தக் குளிர்காலத்தைத் தாங்குமா?"

"காலரை மூடுங்க மாமா, சளி பிடிக்கும்."

"பாத்தியா போரிவொயே, உன் மக என்னைத் தொடவே மாட்டேங்கிறா. மார்ச்சுல மட்டும் என்ன பாசம். 'மாமா, உங்களுக்கும் கல்லுதான், அப்பாவோடதைவிடச் சின்னது'ன்னு சொன்னா. வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட சொன்னா, 'அதுலயும் சின்னதுதானா'ங்கிறா."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். விஷ்ணியாவும் சிரித்தாள். முகம் தானாகச் சிரித்தது.

மறந்தே போயிருந்தாள். அன்று அப்பா தனியாக வரவில்லை. பின்வாசல் வழியாக ஸ்ரெத்தெனையும் இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா எழுந்த சூடு ஆறும் முன்பே அதே கட்டிலில் அவர் படுத்தார். அதே வெயில், அதே குமிழ். கசாப்புக் கடைக்காரருக்கும் அப்பாவுக்கும் நடுவில் வேறு யாராவது வந்தார்களா? ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பச்சை ஸ்கார்ஃப் ஞாபகத்தில் வந்தது. அது அன்றைக்கா, வேறு என்றைக்கா?

அவள் முற்றத்துக்குப் போய்ப் பெல்கிரேடில் அறுவை சிகிச்சை செய்யும் தத்தாலொவிச்சுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்மணி குறுக்கே புகுந்தாள்.

"நாலு நாளைக்குள்ள ரெண்டு தடவையா? அப்போ எதுக்கு இன்னும் போன்ல நின்னு பேசிட்டு இருக்கே?"

"வர மாட்டேங்கிறாரு டாக்டர். வீட்டுல ஸ்லாவா."

"என் வீட்டுலயும்தான். சரி, பழைய படம் இருக்கா?"

"மார்ச்சுல எடுத்தது."

"எப்படி இருந்துச்சு?"

ராதொய்க்காவின் கோழிகள் மூடுபனிக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.

"வெள்ளைன்னு சொன்னேன்."

தத்தாலொவிச் மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளையா இருந்தா ரெண்டு தடவை கண்ணை மறைச்சிருக்காது, விஷ்ணியா."

"தெரியும்."

"புதுசா ஒரு படம் எடுத்துட்டு வா. வழியிலதானே உன் கிளினிக். இன்னைக்கே படுக்கை ஏற்பாடு பண்றேன். நாளைக்கு மேல தள்ளாதே. அடுத்தது கண்ணோட நிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. இடது பக்கக் குழாய். பேச்சு போகும், வலது கை போகும். உனக்கு நான் சொல்லணுமா?"

முற்றத்தின் கோடியில் ஒக்னியென் நெருப்பின் மேல் பன்றியைத் திருப்பிக்கொண்டிருந்தான். டயர் கடை வைத்திருப்பவன். அன்றும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

"யாருக்கா போன்ல?"

"அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்டா. இப்பவே. நீ சொன்னா கேப்பாரா?"

"நானா?" அவன் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் திரும்பினான். "நேத்து அம்மாகிட்ட, 'உப்பு எங்க இருக்குன்னு அவனைக் கேளு'ங்கிறாரு. நான் பக்கத்துல நிக்கிறேன். உப்பு என் கையில இருக்கு. ஆமா, ஆஸ்பத்திரிக்கு எதுக்கு? கல்லுன்னுதானே சொன்னே?"

அவள் நெருப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டாள்.

"தூக்கிட்டுப் போயிடலாமா?" என்றான். "காலை நான் பிடிக்கிறேன்."

"அவரா வரணும்."

"அப்போ அவரை வர வைக்கிற மாதிரி எதையாவது சொல்லு. உன் வாயிலேருந்து வந்தாதான் அவருக்கு வேதம்."

அவன் அதைக் கிண்டலாகத்தான் சொன்னான். அது போய்த் தைத்த இடம் அவனுக்குத் தெரியாது.

கூடம் நிரம்பியிருந்தது. மேஜையின் தலைப்பக்கத்தில், உயரமான மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், போரிவொயே டம்ளரைத் தூக்கினார். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். வர முடியாதவர்களை நினைத்தார். செத்தவர்களின் பெயர்களைப் பெரியவரிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் தலையசைத்தார்கள்.

நாலாவது பெயரில் அவர் இடது கை மெதுவாக எழுந்து கண்ணைத் தேய்த்தது.

பேச்சு நிற்கவில்லை. அவர் உடம்பைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி, வலது கண்ணால் கூட்டத்தைப் பார்த்தபடி அடுத்த பெயரைச் சொன்னார். பாட்டிலை எடுத்து ஸ்ரெத்தெனுக்குப் பக்கத்திலிருந்தவருக்கு வைன் ஊற்றினார். வைன் டம்ளரைத் தாண்டி மேஜை விரிப்பில் ஓடியது.

"வீட்டுக்காரருக்கு இப்பவே ஏறிடுச்சு," என்றார் யாரோ. சிரிப்பு. போரிவொயேவும் சேர்ந்து சிரித்தார். மேஜையைத் தடவிப் பார்த்துப் பாட்டிலை வைத்த கையை விஷ்ணியா மட்டும் பார்த்தாள்.

அவர் முழங்கையைப் பிடித்துச் சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"விடுடா, இதோ ஏறுது, ஷட்டர் ஏறிட்டே இருக்கு. பாதி ஏறிடுச்சு."

"அது கல் இல்லப்பா."

"என்ன?"

"உங்க கழுத்துல இருக்கிறது கல் இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன்."

அவர் முட்டைக்கோஸ் பீப்பாயில் கையை ஊன்றினார். உட்காரவில்லை.

"முன்னாடி வந்த ஆளுக்காக மிஷின்ல வெளிச்சத்தைக் கூட்டி வெச்சிருந்தேன். உங்களுக்குக் குறைச்சிருக்கணும். குறைக்கல. அதனால கறுப்பா இருந்தது வெள்ளையாத் தெரிஞ்சுது. கல்லுன்னு சொன்னேன். நீங்க மாத்திரையை விட்டுட்டீங்க. இப்ப அது கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு கண்ணுக்குப் போகுது. அடுத்தது மூளைக்குப் போகும்."

"எல்லாருக்கும் குறைப்பியா?"

"எல்லாருக்கும்."

"எனக்கு ஏன் குறைக்கல?"

இந்தக் கேள்விதான் வரும் என்று காலையிலிருந்து தெரியும். பதிலைத் தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது.

"நீங்க வாத்துக் கதை சொல்லிட்டு இருந்தீங்க. சிரிச்சிட்டு இருந்தேன். நீங்கதானேன்னு விட்டுட்டேன்."

வெளியே யாரோ பாட ஆரம்பித்தார்கள். போரிவொயே இடது கண்ணை மூடித் திறந்து பார்த்தார். ஊறுகாய்க் குடுவைகளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியாக அவளை.

"உங்க அம்மா மட்டும் ஏறி உக்காந்திருந்தாக்கூட," என்றார், "கண்ணாடியைச் சரி பண்ணாம நான் வண்டியை எடுத்தது இல்ல."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள்.

"வாங்கப்பா. கிளம்பலாம்."

"ஸ்லாவா ரொட்டியை வெட்டிட்டு வர்றேன்."

"அப்பா."

"ரொட்டியை வெட்டாம போனேன்னா ஊரே ஆஸ்பத்திரிக்குப் பின்னால வரும். நகரு."

கூடத்துக்குப் போனவர், வாசல் பக்கம் பார்த்து, வாரம் முழுக்க வாயில் வராத பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஒக்னியென்."

கூட்டம் திரும்பியது. ஒக்னியென் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். பின்னல் வைத்துச் சுட்ட வட்ட ரொட்டியைப் போரிவொயே தலைகீழாகத் திருப்பிச் சிலுவையாகக் கீறினார். கீறலில் வைனை ஊற்றினார். அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைச் சுற்றினார்கள். பிறகு இரண்டாகப் பிட்டார்கள். பிட்டதும் போரிவொயே தன் பாதியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பாட்டிலை மகன் கையில் வைத்தார்.

"இனிமே நீ நில்லு."

"நீங்க எங்க போறீங்க?" அந்த வாரத்தில் அவன் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அக்காவோட ஒரு வேலை இருக்கு. உக்காந்துடாதே. சாயந்திரம் எவனாவது வந்து, மகன் உக்காந்திருந்தான்னு சொன்னா பாரு."

ராதொய்க்கா கையில் ரொட்டியோடு சமையலறை வரை பின்னாலேயே வந்தாள்.

"கோட்டை எதுக்கு எடுக்குற?"

"வைன் வாங்கிட்டு வர."

"வீட்டுல ரெண்டு பீப்பாய் இருக்கு."

"அது புளிச்சுப் போச்சு."

அவள் புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அவர் கழுத்தில் சால்வையைச் சுற்றினாள். இடது பக்கத்தில் மட்டும் இரண்டு மடிப்பு. யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஸ்ரெத்தெனின் பழைய கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதை எடுக்காமல் எந்த வண்டியும் வெளியே போக முடியாது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னதும், "குடிக்காதவன் நான் ஒருத்தன்தான், நானே ஓட்டுறேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். போரிவொயேவைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். தலை விஷ்ணியாவின் மடியில்.

"முப்பது வருஷம் என்னை நிக்க வெச்சு ஓட்டினே," என்றார் ஸ்ரெத்தென், கண்ணாடியில் பார்த்து. "இன்னைக்கு நான் ஓட்டுறேன், நீ படுத்துட்டு வர்ற. உலகம் சுத்துதுய்யா."

"ரோட்டைப் பாரு."

"டிக்கெட் எடுத்தியா?"

"மூடிட்டு ரோட்டைப் பாரு, ஸ்ரெத்தென்."

விடுமுறை நாள். கிளினிக்கில் ஆளில்லை. காவலாளியிடம் சாவி வாங்கித் தன் அறையைத் திறந்தாள். கிழிந்த திரைக்குப் பதிலாகக் கோடையிலேயே புதிது போட்டிருந்தார்கள். அதை இழுத்துவிட்டு அறையை இருட்டாக்கினாள். அப்பா கட்டிலில் படுத்து முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் கதை சொல்லவில்லை. ஜெல்லைக் கையில் வைத்துச் சூடாக்கி அவர் கழுத்தில் தடவினாள். ஸ்கேன் கருவியின் முனையை அதன் மேல் வைத்தாள்.

முதலில் குமிழ். அவள் குறைத்துக்கொண்டே வந்தாள். சாம்பல் மங்கியது. இரத்தம் கறுத்தது, மையாகக் கறுத்தது. வெளிச்சுவர் வெள்ளைக் கோடாக எழுந்து நின்றது.

படிவைக் காணவில்லை.

குழாய் நல்ல குழாய் மாதிரி இருந்தது, அகலமாக, சுத்தமாக. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. பிறகு இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு அந்த அகலம் முழுக்க ஓடவில்லை. ஓரமாக, ஒரு ஒடுங்கிய சந்தில் நெருக்கிக்கொண்டு ஓடியது. மீதி இடமெல்லாம் இரத்தத்தைப் போலவே கறுப்பாக, ஓடாமல் நின்றிருந்தது. அதுதான் படிவு. அதன் மேல் நூல் மாதிரி ஒரு வெள்ளைத் தோல். ஓரிடத்தில் அந்த நூல் அறுந்திருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அறுந்த நுனி அசைந்தது, மீன் செவுள் போல.

"பாத்துட்டியா?" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

"பாத்துட்டேன்."

"மார்ச்சுலயும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இவ்வளவு பெருசா இல்ல. ஆனா இதேதான்."

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"மாத்திரையை விட்டிருக்க மாட்டீங்க. மாசத்துக்கு ஒரு தடவை பாத்திருப்பேன். தோல் கிழியறதுக்கு முன்னாடியே பெல்கிரேடுக்கு அனுப்பியிருப்பேன்."

"ம்."

படத்தைத் தத்தாலொவிச்சுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது: ஆம்புலன்ஸில் வரட்டும், காரில் வேண்டாம், நாளைக் காலை முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறேன். விஷ்ணியா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து அப்பாவின் கழுத்து ஜெல்லைத் துடைத்தாள். அழுத்தாமல், ஒற்றி ஒற்றி.

"நாளைக்கு அவங்க கத்தி வைக்கும்போது, ஏதாவது ஆகுமா? உண்மையைச் சொல்லு."

"நூத்துல ரெண்டு மூணு பேருக்கு ஆகலாம். அப்பவே மூளைக்குப் போயிடலாம். பேச்சு போயிடலாம். விட்டு வெச்சா அதைவிட அதிகம்."

"அப்போ பேச்சு இருக்கும்போதே பேசிடணும்." அவர் எழுந்து உட்கார முயன்றார். அவள் தோளைப் பிடித்து மறுபடி படுக்க வைத்தாள். "வெளிய அவன் இருக்கானா?"

கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் ஸ்ரெத்தென் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, காவலாளியிடம் கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்.

"இருக்காரு."

"அவனுக்கும் அன்னைக்குத்தானே பாத்தே?"

"ஆமா. இப்ப திரும்பப் பாக்கணும். அவர் மட்டும் இல்லப்பா. அன்னைக்கு அந்த மிஷின்ல படுத்தவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். ஏன் கூப்பிடுறேன்னு சொல்லணும்."

"கூப்பிடு. கூப்பிட வேணாம்னு நான் சொல்லல." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் ஓட்டிய கை, இன்னும் பிடி இருந்தது. "மிஷின் கோளாறுன்னு சொல்லிடு."

"அப்பா."

"கேளு. அவனை இங்க இழுத்துட்டு வந்தது யாரு? நான். இந்தத் தெருவுல பாதிப் பேரை உன்கிட்ட அனுப்பினது யாரு? என் மககிட்ட போங்க, அவ கண்ணு தப்பாதுன்னு குடிச்சிட்டும் சொன்னேன், குடிக்காமலும் சொன்னேன். மிஷின் கெட்டுப்போனா யாருக்கும் ஒண்ணும் இல்ல. மிஷினுக்கு அப்பா கிடையாது."

"ஸ்ரெத்தென் மாமா கேட்டா என்ன சொல்ல?"

"அதையேதான். அவனுக்கும் அதையேதான்."

தாழ்வாரத்தில் ஸ்ரெத்தென் எதற்கோ சிரித்தார். தொலைவில், ஸ்டேஷன் சாலையில், ஆம்புலன்ஸின் சத்தம் மூடுபனிக்குள்ளிருந்து மெல்ல வந்தது. போரிவொயே பிடியை விடவில்லை. அவரும் அதைக் கேட்டார்.

"நாளைக்கு நான் பேச முடியாமப் போனா உன்கிட்ட எதையும் கேக்க முடியாது. அதனால இப்பவே கேட்டுடறேன்," என்றார். "உள்ள போறப்ப, தப்புப் பண்ணாத டாக்டரோட அப்பனா போறேனே. மிஷின் மேல போட்டுடுடா. என்னைப் பாத்து, சரின்னு மட்டும் சொல்லு."